சுருதி விலகாத பிக்ஸ்பி: எலக்ட்ரிக் கிட்டாரில் வைப்ராட்டோ டெயில்பீஸ் பொருத்துவது எப்படி

பிக்ஸ்பி மாட்டினால் கிட்டார் சுருதியில் நிற்காது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். முதல் தடவை மாட்டியபோது அப்படியேதான் ஆயிற்று. அந்த அலுமினிய வாலை இரண்டு வாரம் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தேன், எண்ணெய் விட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு மறுமுனையில் இருந்தது: நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் சிறு பட்டையில், ஜி கம்பியின் பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. அதைச் சரிசெய்த மாலையே கிட்டார் சுருதியில் நின்றுவிட்டது. இந்த வழிகாட்டியை வாலில் தொடங்காமல் தலைப்பக்கத்தில் தொடங்குவது அதனால்தான்.

முதலில், இது என்ன கருவி? வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறோம் அல்லவா, அந்தச் சுர அசைவை ஆறு கம்பிக்கும் ஒரே சமயத்தில் தருகிற கைப்பிடி இது. கைப்பிடியை மெல்ல அமுக்கி விட்டால், பிடித்திருக்கும் கார்டு முழுதும் ஒன்றாக இறங்கி ஏறும். கடைகளில் இதை ‘ட்ரெமலோ’ என்றே கேட்பார்கள். சரியாகச் சொன்னால் ட்ரெமலோ என்பது ஒலி கூடிக் குறைவது; சுரம் அசைந்தால் அது வைப்ராட்டோ. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கருவிக்கு லியோ ஃபெண்டர் ட்ரெமலோ என்று பெயர் வைத்தார். அந்தக் குழப்பம் இன்றுவரை தொடர்கிறது.

பால் பிக்ஸ்பி கலிஃபோர்னியாவின் டௌனி நகரத்துக்காரர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடியவர். உலோக வார்ப்புக்கு அச்சு செய்வதில் தேர்ந்தவர். கன்ட்ரி இசைக் கலைஞர் மெர்ல் டிராவிஸ் தன் கிப்சன் எல்-10 கிட்டாரில் இருந்த பழைய காஃப்மன் வைப்ரோலாவைச் சரிசெய்யச் சொல்லி அவரிடம் கொடுத்தார். பிக்ஸ்பி அதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாகவே ஒன்று செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார். இன்று நாம் வாங்குவதும் ஏறக்குறைய அதே வடிவம்தான்: வார்ப்பு அலுமினியச் சட்டம், அதில் சுழலும் ஓர் அச்சு, அச்சில் ஆறு முளைகள், கைப்பிடிக்குக் கீழே ஒரே ஒரு ஸ்பிரிங். இந்த எளிமைதான் எனக்கு இதன்மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணம். கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்ளலாம், மறைவாக எதுவும் இல்லை.

எந்த மாடல் வாங்குவது

லெஸ் பால் போல முகப்பு வளைந்த கிட்டாருக்கும் இஎஸ்-335 வகைக்கும் பி7. அது நீளமானது, வால் ஓரத்தில் ஸ்ட்ராப் பட்டன் இருக்கும் இடம்வரை போய் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். எஸ்ஜி, டெலிகாஸ்டர் போன்ற தட்டையான உடலுக்கு பி5. குதிரை லாடம் போல இருக்கும், நேராக முகப்பில் உட்காரும். பி3, பி6 இரண்டும் ஹாலோபாடி, அதாவது உடல் உள்ளே கூடாக இருக்கும், கிட்டாருக்கானவை. அவற்றில் முன்பக்கத்தில் கம்பியை அமுக்கும் உருளை கிடையாது. பி50, பி70 என்று எழுதியிருந்தால் அவை பி5, பி7 வடிவங்களின் விலை குறைந்த, உரிமம் பெற்ற தயாரிப்புகள். முதல் முயற்சிக்கு அவை தாராளமாகப் போதும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பிக்ஸ்பி மென்மையான கருவி. கம்பி தொளதொளவென்று தொங்கும் அளவுக்குச் சுரத்தை இறக்க வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை ஃபிளாய்ட் ரோஸ் என்ற வேறு வகை வைப்ராட்டோ. அதற்கு மரத்தைக் குடைய வேண்டும், அது வேறு வேலை. பிக்ஸ்பி போட்ட பிறகு ஒரு கம்பியை மட்டும் விரலால் வளைத்தால் மற்ற கம்பிகள் சற்று இறங்கும். கச்சேரி நடுவே ஒரு கம்பி அறுந்தால் மீதி ஐந்தும் ஏறிவிடும். ஆறும் ஒரே ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு நிற்பதால் இப்படி நடக்கிறது, இதற்கு மருந்து இல்லை. இரண்டு கம்பிகளை ஒன்றாக மீட்டி ஒன்றை மட்டும் வளைக்கும் வாசிப்பு உங்களுடைய உயிர் என்றால், யோசித்து வாங்குங்கள்.

துளை போடாமல் மாட்டுவதற்கு வைப்ராமேட் என்ற தகடு கிடைக்கிறது. கம்பிகளின் பின்முனையைப் பிடித்திருக்கும் பழைய ஸ்டாப் டெயில்பீஸின் இரண்டு திருகுகள் இருந்த துளையிலேயே தகடு உட்காரும், அதன்மேல் பிக்ஸ்பி. லெஸ் பால் வகைக்கான தகடு ஸ்ட்ராப் பட்டன் துளையையும் பயன்படுத்திக்கொள்ளும். புதியவர்கள் தகட்டோடு தொடங்குவதையே விரும்புவேன். பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் கிட்டார் பழைய நிலைக்கு வந்துவிடும், மரத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. கீழே நான் சொல்வது லெஸ் பால் வகை கிட்டாரில் தகட்டோடு பி7 மாட்டும் முறை. நேராக மரத்தில் திருகுபவர்களுக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நட்சத்திரத் திருப்புளி, அலன் கீ செட், ஸ்டீல் ஸ்கேல், மல்டிமீட்டர், 2பி பென்சில், மாஸ்கிங் டேப், வெள்ளை நூல், கேபோ (கம்பிகளை ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), சின்ன மூக்குக் குறடு, புதுக் கம்பி செட் இரண்டு. இரண்டு எதற்கு என்றால், முதல் தடவை ஒரு கம்பியாவது முளையருகே மடங்கி வீணாகும்.

நட்டைப் பாருங்கள்

பழைய டெயில்பீஸ் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். 12-வது ஃபிரெட்டில் கம்பி எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அடுத்து ஜி கம்பியை இரண்டு சுரம் இறக்கி, ட்யூனரை (தலையில் கம்பியை முறுக்கும் சாவி) மெதுவாகத் திருப்பி மேலே கொண்டுவாருங்கள். சுரம் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். சற்று நேரம் அசையாமல் நின்று, ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு தாவினால், கம்பி பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள்.

கிப்சன் பாணித் தலையில் இது ஏன் அதிகம் என்று புரிந்துகொள்வது நல்லது. தலை பின்பக்கம் 17 டிகிரி வரை சாய்ந்திருக்கும், ட்யூனர்கள் பக்கத்துக்கு மூன்று. டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பித் தூரத்து ட்யூனருக்குப் போகின்றன. கீழ்நோக்கி ஒரு வளைவு, பக்கவாட்டில் ஒரு வளைவு. இரண்டும் சேர்ந்து கம்பியைப் பள்ளத்தின் சுவரோடு அழுத்துகின்றன. டெயில்பீஸ் அசையாமல் இருந்தவரை இது பெரிதாகத் தெரிந்திருக்காது. இப்போது ஒவ்வொரு அமுக்கலுக்கும் கம்பி நட்டின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும்.

பள்ளம் கம்பியைவிடச் சற்றே அகலமாக இருக்க வேண்டும். 9 அளவுக் கம்பி செட்டுக்கு (முதல் கம்பி 0.009 அங்குலம்) வெட்டிய நட்டில் 10 போட்டால் கவ்வும், அது எதிர்பார்க்கக் கூடியதே. 0.046 அங்குல ஆறாவது கம்பிக்கு 0.048 அங்குலப் பள்ளம் வசதியாக இருக்கும். நட் அரம் இல்லையென்றால், பழைய சுற்றுக் கம்பித் துண்டு ஒன்றைப் பள்ளத்தில் வைத்து நாலைந்து முறை இழுத்து விடுங்கள். அதுவே சின்ன அரம் போல வேலை செய்யும். பக்கச் சுவரை மட்டும் தேய்க்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. அடி ஆழமானால் கம்பி ஃபிரெட்டில் உரசி நடுங்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டி வரும். முடிந்ததும் பென்சில் கூரைப் பள்ளத்துக்குள் பலமுறை ஓட்டி, கருப்புத் தூள் நிறையப் படியும்படி செய்யுங்கள். அந்தக் கிராஃபைட் நல்ல மசகு. கம்பி மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

பழையதைக் கழற்றுதல், எர்த் ஒயர்

கம்பிகளைத் தளர்த்தி எடுங்கள். பிரிட்ஜ் கழன்று விழுந்து முகப்பைக் கீறாமல் இருக்க, அதை முன்னமே எடுத்து வைத்துவிடுங்கள். எந்தப் பக்கம் எது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் டெயில்பீஸின் இரண்டு திருகுகளையும் கழற்றுங்கள். மரத்துக்குள் இருக்கும் உலோகக் குழலை அசைக்க வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க கிப்சனில் அந்தத் திருகு 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. ஆசியாவில் செய்த கிட்டார்களில் பெரும்பாலும் எம்8, அதாவது 8 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மரை இடைவெளி வேறு: முன்னதில் சுமார் 1.06 மி.மீ., பின்னதில் 1.25. தவறானதைப் போட்டால் முதல் சுற்று இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கே பலம் கொடுத்துத் திருகினால் குழலின் மரை தேய்ந்துவிடும். விரலாலேயே கடைசிவரை சுழன்று போக வேண்டும், போகாவிட்டால் அது உங்கள் திருகு இல்லை.

அடுத்தது எர்த். கம்பியைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் அடங்குகிறதே, அதற்குக் காரணம் உள்ளே ஒரு மெல்லிய ஒயர். கட்டுப்பாட்டுக் குழியிலிருந்து அது கிளம்பி, மரத்துக்குள்ளேயே போய், டெயில்பீஸ் குழல்களில் ஒன்றின் அடியில் முடிகிறது. டெயில்பீஸ் வழியாகக் கம்பிகள் அனைத்தும் எர்த்தோடு சேர்ந்திருந்தன. தகடு அதே குழல்களில் திருகப்படுவதால் தொடர்பு அறுபடாது. ஆனால் பி5-ஐ நேராக மரத்தில் திருகினால் அந்தக் குழலில் எதுவும் இருக்காது, கம்பிகள் எர்த் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும், பலர் பிக்கப் கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். அப்படிப் பொருத்துபவர்கள் அந்தக் குழலிலிருந்து ஒரு மெல்லிய செம்பு ஒயரை பி5-இன் அடிப்பாகம்வரை கொண்டுவந்து, உலோகம் உலோகத்தைத் தொடும்படி அதன் கீழே வைத்து இறுக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. கிட்டாரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, கேபிளின் ஒரு முனையை மட்டும் கிட்டாரில் செருகுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் பீப் நிலையில் வைத்து, ஒரு முள்ளைக் கேபிளின் மறுமுனையில் பிளக்கின் வெளி உருளையிலும் மற்றொன்றைக் குழலிலும் வையுங்கள். பீப் வர வேண்டும். கம்பி மாட்டிய பின் இதையே கம்பியில் வைத்து மறுபடி பாருங்கள்.

நேர்க்கோடு

தகட்டையும் பிக்ஸ்பியையும் முதலில் தளர்வாக மட்டும் மாட்டுங்கள். திருகுகள் பிடித்திருக்க வேண்டும், இறுகக் கூடாது. பிரிட்ஜைத் திரும்ப வைத்து, வெளிப்பக்கத்து இரண்டு ஈ கம்பிகளை மட்டும் கோத்து லேசாக முறுக்குங்கள். இப்போது கழுத்துக்கு நேர் மேலே நின்று பாருங்கள். இரண்டு கம்பிகளும் ஃபிரெட் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா? 12-வது ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் நெருங்கினால் வால் முனையைச் சிறிது நகர்த்தி மீண்டும் அளங்கள். நேர் வந்த பிறகே ஸ்ட்ராப் பட்டன் ஸ்க்ரூவையும் தகட்டையும் இறுக்க வேண்டும்.

தகடு இல்லாமல் மாட்டுபவர்கள் இதே சோதனையை நூலால் செய்யலாம். பிரிட்ஜ் வேண்டாம், நட்டின் இரண்டு ஈ பள்ளங்களிலிருந்து நூல் கட்டி பிக்ஸ்பியின் ஓர முளைகள்வரை இழுத்துப் பிடியுங்கள். சரியான இடம் கிடைத்ததும் மாஸ்கிங் டேப்பின் மேல் பென்சிலால் குறியுங்கள். துளைக்கும் பிட் ஸ்க்ரூவின் நடுத்தண்டு அளவே இருக்க வேண்டும், மரை வெளியே தெரிய வேண்டும். எவ்வளவு ஆழம் என்று பிட்டிலேயே டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுத் திருகினால் கடின மரத்தில் தலை முறியாது. நைட்ரோ வார்னிஷ் அடித்த பழைய கிட்டாரில் டேப்பை இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள், உரிக்கும்போது வார்னிஷும் சேர்ந்து வரும்.

பிரிட்ஜ்

வீணையில் குதிரை என்போமே, அதே வேலையைச் செய்யும் இடம். நட்டில் சொன்ன உராய்வு இங்கேயும் இருக்கிறது. பிக்ஸ்பியின் முன் உருளை கம்பிகளைக் கீழே அமுக்கி அனுப்புவதால், பிரிட்ஜின் மேல் அவை செங்குத்தாக வளைந்து ஏறும். சேடில்களின் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டுகள்) கூரான விளிம்புகளை மெல்லிய உப்புத்தாளால் லேசாக வழவழப்பாக்கி, பென்சில் தூளைப் பூசுங்கள். பலருக்கு இதுவே போதுமாயிருக்கும். போதாவிட்டால் ரோலர் பிரிட்ஜ் வாங்கலாம். அதில் ஒவ்வொரு சேடிலும் சின்னச் சக்கரம். வாங்குமுன் இரண்டு தூண்களுக்கு நடுவே தூரத்தையும் தூண்களின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். லெஸ் பால் வகையில் தூரம் பொதுவாக 74 மி.மீ., தடிமன்தான் கிட்டாருக்குக் கிட்டார் மாறும். மலிவான ரோலர்களில் சக்கரம் சுற்றாமல் ஆடும், அதைவிட நல்ல சாதா பிரிட்ஜே மேல் என்பது என் அனுபவம்.

கம்பி கோப்பது

புதியவர்களைத் திணறடிப்பது இதுதான். பொறுமையாகச் செய்தால் ஆறு கம்பிக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும்.

கம்பியின் முனையில் இருக்கும் பித்தளைக் குமிழ் அச்சின் முளையில் தொங்க வேண்டும். கம்பி அங்கிருந்து அச்சைச் சுற்றி அதன் மேல் வழியாக வந்து, முன் உருளைக்குக் கீழே நுழைந்து, பிரிட்ஜுக்குப் போக வேண்டும். பிரச்சினை என்னவென்றால், இழுவிசை வரும்வரை குமிழ் முளையில் நிற்காது. தலைப்பக்கம் கை போவதற்குள் ‘டக்’ என்று கழன்று விழும். அதனால் கோப்பதற்கு முன்பே, குமிழை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டரைப் பென்சிலைச் சுற்றி வளைத்துக் கொக்கி போலச் செய்துகொள்ளுங்கள். தடித்த மூன்று கம்பிகளுக்கு இது மிக அவசியம். வளைவு உருண்டையாக இருக்கட்டும், குறடால் மடித்து முனை உண்டாக்கினால் அங்கேயே அறும்.

குமிழை முளையில் மாட்டியதும், பஞ்சுத் துண்டு ஒன்றை மடித்து அச்சுக்கும் முகப்புக்கும் நடுவே செருகுங்கள். அது குமிழைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும், முகப்பையும் காக்கும். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்சை வெட்டி வைத்திருக்கிறேன், அதைவிடப் பொருத்தமான கருவி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. கம்பியை இழுத்துப் பிடித்து முதல் ஃபிரெட்டில் கேபோ போடுங்கள். இப்போது இரண்டு கைகளும் விடுதலை, நிதானமாக ட்யூனரில் சுற்றலாம். சுற்றுக்கள் குறைவாக இருக்கட்டும், தடித்த கம்பிக்கு இரண்டு, மெல்லியதற்கு மூன்று. தளர்ந்த சுற்றுகள் அதிகம் இருந்தால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவை இறுகி நெகிழும்.

முதலில் இரண்டு ஈ, பிறகு ஏ, பி, கடைசியில் டி, ஜி என்ற வரிசையில் மாட்டினால் பிரிட்ஜ் சாயாது. ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் நடுவாக உட்கார்ந்திருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பாருங்கள். கம்பிகள் தளர்வாக இருக்கும்போது அது நழுவி ஓடிவிடும்.

சுருதி சேர்த்தல்

ஆறாவது கம்பியைச் சுருதியில் வைத்து ஐந்துக்குப் போவீர்கள். திரும்பிப் பார்த்தால் ஆறாவது இறங்கியிருக்கும். புதிதாக இழுத்த கம்பி கைப்பிடியைச் சற்றுக் கீழே இழுத்திருக்கும், காரணம் அதுதான். நான்கைந்து சுற்று வந்தால் அமைதிப்படும். பிறகு ஒவ்வொரு கம்பியையும் 12-வது ஃபிரெட்டருகே விரலால் மேலே இழுத்துத் தளர்த்திவிட்டு, மறுபடி சுருதி சேருங்கள். கம்பி இனி இறங்காது என்ற நிலை வரும்வரை இதைச் செய்யுங்கள். கைப்பிடி இப்போது எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவே அதன் ஓய்வு நிலை. முகப்பை இடித்தால் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் வைத்து உயர்த்தலாம்.

கைப்பிடியை ஒரு தடவை நன்றாக அமுக்கி விட்டு, சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் பாருங்கள். இந்தச் சோதனைதான் எனக்கு இரண்டு வாரத்தை மிச்சம் பிடித்திருக்கும்.

ஒரு கம்பி ஏறி நின்றால் நட் பிடிக்கிறது. அமுக்கியபோது கம்பியின் ஒரு துளி நட்டைத் தாண்டி ட்யூனர் பக்கம் போயிற்று, விட்டதும் அது திரும்பி வர முடியவில்லை. வாசிக்கும் பக்கம் இழுவிசை கூடிவிட்டது. இறங்கி நின்றால் பெரும்பாலும் பிரிட்ஜ்: கைப்பிடி திரும்ப இழுக்கிறது, சேடில் உராய்வு அந்த இழுவையைப் பாதியில் தடுக்கிறது. புதுக் கம்பி இன்னும் தளரவில்லை என்றாலோ, ட்யூனர் சுற்று நழுவினாலோகூட இறங்கும். அதனால் இழுத்துத் தளர்த்தும் வேலையை முடித்துவிட்டே பிரிட்ஜைக் குற்றம் சொல்லுங்கள். எந்தக் கம்பி, எந்தப் பக்கம் விலகுகிறது என்று குறித்துக்கொண்டு அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போங்கள். ஆறும் ஒரே மாதிரி விலகினால் அச்சையோ, சரியாக இறுகாத தகட்டையோ பாருங்கள்.

வாசிக்கும்போது சிறு விலகல் வந்தால் ட்யூனரைத் தொடுமுன் கைப்பிடியை ஒருமுறை லேசாக ஆட்டிவிடுங்கள். பாதி நேரம் அதிலேயே கம்பி தன் இடத்துக்கு வந்துவிடும்.

இனி மிச்சமிருப்பது வழக்கமான செட்டப். முன்பு எழுதி வைத்த உயரத்துக்குப் பிரிட்ஜைக் கொண்டுவாருங்கள். 12-வது ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) ஒன்றாக வரும்வரை சேடிலை நகர்த்துங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னால், குறைவாக இருந்தால் முன்னால். பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பி நீளம் கூடியிருப்பதால் விரலுக்கு முன்பைவிட மிருதுவாகத் தோன்றும், ஒரு வாரத்தில் பழகிவிடும். கிட்டாரின் வால் பக்கம் சில நூறு கிராம் கனம் கூடியிருப்பதும் தோளுக்குத் தெரியும்.

சென்னை, யாழ்ப்பாணம் மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முளைகளைச் சுற்றியிருக்கும் கம்பி வளைவுகளில் வியர்வையும் ஈரமும் தங்கும், கம்பி அறுவது பெரும்பாலும் அங்கேதான். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியை அச்சுக்கு அடியில் ஒரு முறை விட்டு இழுத்துவிடுங்கள். அச்சின் இரு முனைகளிலும் வருடத்துக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். வழிந்தால் மரம் குடிக்கும்.